மலை வைனும் என் மூக்கும்

அன்று பின்னேரம் போத்தலைத் திறந்து, கிளாசில் ஊற்றி, மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. வெறும் தண்ணீரை மணந்து பார்த்த மாதிரி இருந்தது.

போத்தலில்தான் பிழை என்று நினைத்தேன். என்னில் பிழை இருக்கலாம் என்பதை நான் எப்போதும் கடைசியாகத்தான் யோசிப்பேன். முதலிலேயே அப்படி யோசிக்கிற ஆளாக இருந்திருந்தால் இந்த நாட்டில் நான் எழும்பியிருக்க மாட்டேன். இன்னொரு போத்தலைத் திறந்தேன். அதுவும் அந்தீஸ் மலையில் விளைந்த அதே சிவப்பு வைன், அதே வருடத்தது. அதையும் மணந்தேன். அதிலும் ஒன்றுமில்லை. குசினிக்குள் போய் மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து ஆழமாக இழுத்தேன். தும்மல் வந்தது, மணம் வரவில்லை. கற்பூரத்தை மணந்தால் மூக்குக்குள் குளிர்ந்தது, அவ்வளவுதான். பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை நுழைக்காத குறை. அதுவும் ஊமையாக இருந்தது.

கதிரையை இழுத்து இருந்துவிட்டேன்.

மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து மேசையைப் பார்த்தா.

"என்னப்பா, ரெண்டு போத்தல் திறந்திருக்கு? ஆரும் வருகினமோ?"

"ஒண்டு பழுது."

"எது பழுது?"

"ரெண்டும்."

"அப்ப கடைக்காரன் உங்களைப் பேய்க்காட்டிப் போட்டான். உங்களையே." சிரித்துக்கொண்டு போய்விட்டா. அவ வைனைத் தொடுகிறவ அல்ல, அதனால் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்பு ஏன் வந்தது என்று விளங்க வேண்டுமானால் என் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், உழைத்துச் சம்பாதித்த பெருமை.

எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. பிறகு மலைநாட்டில், பண்டாரவளையில் ஒரு கடையில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே தேயிலை நிறுத்துக் கட்டுவதுதான் என் வேலை. கொஞ்சக் காலத்திலேயே ஒரு பிடி தேயிலையைக் கையில் எடுத்து, ஊதி, மணந்து, இது மேல் மலையா கீழ்த் தோட்டமா என்று சொல்லிவிடுவேன். முதலாளி மற்றவர்களுக்கு என்னைக் காட்டிப் பெருமைப்படுவார். ரொறன்ரோவுக்கு வந்து நகரத்தின் நடுவில் ஒரு பெரிய உணவகத்தில் கோப்பை கழுவினேன். மேசையிலிருந்து திரும்பி வருகிற கிளாசுகளில் அடியில் கொஞ்சம் வைன் நிற்கும். மற்றவர்கள் அதைக் கவிழ்த்துக் கழுவினார்கள். நான் மணந்துவிட்டுக் கழுவினேன். அதுதான் வித்தியாசம். அவர்களில் கனபேர் கோப்பையோடு நின்றுவிட்டார்கள். எனக்கு இன்றைக்கு ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் சொந்தமாக உணவகம் இருக்கிறது, அங்கே ஆட்டிறைச்சிக் கறியோடு மலை வைன் கொடுத்த முதல் தமிழன் நான்தான். வேறு யாரும் கொடுத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பெரிய உணவகத்தில் வைன் ஊற்றுகிற வேலை செய்தவன் ஓர் அர்ஜென்ரீனாக்காரன், என் வயதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது அரைகுறை ஆங்கிலம். அவன் ஒவ்வொரு கிளாசாக நீட்டுவான். நான் மணந்து, கையை மேலே தூக்கினால் மலை, கீழே காட்டினால் சமவெளி. பிழையாகச் சொன்னால் அவன் கழுவ வேண்டிய கிளாசுகளையும் நான் கழுவ வேண்டும். முதல் மாதம் நிறையக் கழுவினேன். பிறகு கழுவவில்லை.

தாழ்ந்த, வெக்கையான நிலத்தில் விளைகிற சிவப்பு வைன், கலியாண வீட்டில் தெரியாத ஆள் வந்து கட்டிப்பிடிக்கிற மாதிரி. வாய்க்குள் போனவுடன் இனிப்பாகக் கதைக்கும், தோளில் கை போடும், கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். மலை வைன் அப்படியல்ல. மேலே வெயில் நேராகச் சுடும். அந்தச் சூட்டுக்குப் பழம் தன் தோலைத் தடிப்பாக்கிக்கொள்ளும். அதனால் நிறம் கறுப்புக்குக் கிட்டவாக, விளிம்பில் நாவற்பழச் சாறு மாதிரி இருக்கும். இரவில் அங்கே குளிர் இறங்கும். பகல் சூட்டில் புளிப்பு முழுவதும் எரிந்துபோகாமல் அந்தக் குளிர் காப்பாற்றும். அதனால்தான் ஒரு வாய் குடித்தவுடன் நாக்கின் இரண்டு கரையிலும் தண்ணீர் ஊறும். கடைசியில் பல் முரசைப் பிடிக்கும் ஒரு துவர்ப்பான கயர், பச்சைப் பாக்குப் போட்ட மாதிரி. அது தோலின் குணம். மணமோ, அர்ஜென்ரீனாக்காரன் ஊதாப் பூ என்பான். எனக்கு அது மழை விட்டவுடன் கல்லிலிருந்து கிளம்புகிற மணம், அதற்குப் பின்னால் கறுத்த பழம், அதற்கும் பின்னால் ஏதோ ஒரு குளிர். சிவப்பு வைனில் குளிரை மணக்கலாம் என்று நான் சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் மணந்திருக்கிறேன்.

இப்போது அந்த மணம் போய்விட்டது. ஏன் போனது என்று எனக்குத் தெரியும். அதுதான் என் பயம்.

அதற்குச் சில நாட்களுக்கு முன் காலையில் குப்பைப் பெட்டியை றோட்டுக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சாறத்துக்கு மேலே ஜக்கெற், காலில் பாத்றூம் செருப்பு. ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இப்படி வெளியே போகிறோம் என்று தெரு நீளத்துக்கு எட்டிப் பார்த்தால் தெரியும். சப்பாத்தின் கயிற்றைக் கட்டுகிற நேரத்துக்குள் பெட்டியை வைத்துவிட்டு வந்துவிடலாம் என்ற கணக்கு. முதல் நாள் உருகின பனி இராத்திரி கண்ணாடியாக உறைந்திருந்தது. இரண்டு காலும் ஒன்றாக முன்னுக்குப் போயின. பின் தலை டிரைவ்வேயில் அடித்த சத்தம், யாரோ தூரத்தில் ஒரு கதவைச் சாத்தின மாதிரிக் கேட்டது.

எழும்பினேன். யாரும் பார்க்கவில்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டேன். உள்ளே வரும்போது பின் தலையைத் தடவிக்கொண்டுதான் வந்தேன். என்ன நடந்தது என்று மனைவி கேட்டதற்குக் கூரையிலிருந்து பனிக்கட்டி விழுந்தது என்றேன்.

வெறும் விழுகை என்றால் நான் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் நெஞ்சில் அடைப்பு வந்து, இரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ற் வைத்த பிறகு, இரத்தத்தைத் தண்ணியாக்குகிற குளிசை போடுகிறேன். கத்தி கீறினாலும் இரத்தம் நிற்க நேரமெடுக்கும். அதோடு, போன மாரியில் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். என்னோடு முந்தி ஒன்றாக வேலை செய்த மனிதன். குளிக்கிற தொட்டியில் வழுக்கி விழுந்தான், எழும்பி வேலைக்குப் போனான், பகிடி விட்டான். இரண்டு மூன்று கிழமை ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் காருக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தான். மண்டைக்குள் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருந்ததாம். அவனும் அதே மாதிரியான குளிசை போட்டவன். பெட்டிக்குள் நல்ல கோட் போட்டுப் படுத்திருந்தான்.

மூக்கு செத்ததை உணர்ந்த அந்தப் பின்னேரம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தக் கோட்தான்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். என் மகள் பக்கத்து ஊரான அஜக்சில் இருக்கிறா. பேஸ்மென்ற்றைத் திருத்தி, தனிக் குசினி வைத்து, எங்களுக்காக வைத்திருக்கிறா. "வீட்டை வித்துப்போட்டு வாங்கோ அப்பா" என்பது அவவுடைய பாட்டு. நான் விழுந்தேன் என்று தெரிந்தால் கார்த் திறப்பு கையை விட்டுப் போகும், உணவகக் கடை போகும், நான் என் கையால் வாங்கின வீடு போகும். நிலத்துக்குக் கீழே ஒரு சின்ன ஜன்னலுக்கு முன்னால் நான் இருப்பேன். இது ஒரு காரணம். மற்றக் காரணம் அதைவிடக் கேவலமானது. டொக்டரிடம் போனால் அவர் தேடுவார். தேடினால் கிடைக்கும். தேடாதவரைக்கும் அது இல்லை என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அதனால் ஒவ்வொரு நாளும் எனக்கு நானே டொக்டரானேன். காலையில் எழும்பியவுடன் இரண்டு கையையும் தூக்கிப் பார்ப்பேன், ஒன்று மற்றதைவிடக் கீழே நிற்கிறதா என்று. கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்துப் பார்ப்பேன், வாய் கோணுகிறதா என்று. கடைக்குப் போகிற வழியில் கடைப் பலகைகளை வாசிப்பேன். வாசிப்பு எனக்கு எப்போதும் மெதுவாகத்தான் வரும். அதனால் ஓர் எழுத்துத் தடுக்கினால் அது படிப்பில்லாததால் தடுக்கியதா, மண்டைக்குள் இரத்தத்தால் தடுக்கியதா என்று தெரியாமல் வியர்க்கும். காரை ஓரமாக நிறுத்தி, அதே பலகையைத் திரும்ப வாசித்துவிட்டுத்தான் போவேன்.

தலையிடி இருந்தது. பெரிதாக இல்லை. சின்னதாக, ஒரு பக்கமாக, யாரோ விரலால் தொட்டுக்கொண்டே நிற்கிற மாதிரி. அது சின்னதாக இருந்ததுதான் எனக்குப் பயம்.

கடையில் குசினிக்குள் போய் நிற்பேன். அங்கே கறி கொதிக்கும், வெங்காயம் வதங்கும், எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஒன்றும் மூக்குக்கு வராது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் பார்த்த மாதிரி இருக்கும். சமையல்காரன் அகப்பையை நீட்டி, "முதலாளி, ஒருக்கா மணந்து பாருங்கோ, கறுவா கூடிட்டுதோ" என்பான். நான் மணந்து, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்று, "இன்னும் ரெண்டு கொதி விடு" என்பேன். என்ன கறிக்கும் அது பொருந்தும். காஸ் அடுப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது இன்னொரு பயம். ஒரு குழாய் கசிந்தால் முதலில் கண்டுபிடிக்கிறவன் நானாகத்தான் இத்தனை வருடமும் இருந்தேன். இப்போது அங்கே எல்லோரும் என் மூக்கை நம்பி வேலை செய்கிறார்கள், மூக்கோ இல்லை. ஒவ்வொரு அடுப்புக் குமிழையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

வீட்டில் ஒருநாள் மனைவி பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு மாடியில் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தா. நான் குசினி மேசையில் இருந்து பத்திரிகைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புகை எச்சரிக்கை மணி கத்தின பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். சட்டி கறுத்துப் புகைந்தது.

"மேலை வரைக்கும் மணக்குது," என்று கத்திக்கொண்டு ஓடி வந்தா. "நீங்கள் அடுப்புக்குப் பக்கத்திலை இருந்து பேப்பர் பாக்கிறியள்?"

"யோசினையிலை இருந்தன்."

"என்ன யோசினை, வீட்டை எரிச்சு இன்சூரன்ஸ் எடுக்கவோ?"

நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. சட்டியைக் கழுவுகிற நேரம் முழுக்க என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தா.

ஒவ்வொரு பின்னேரமும் மலை வைனில் ஒரு சொட்டு ஊற்றி மணந்தேன். அது எனக்குக் குடி அல்ல, பரீட்சை. அந்த மணம் வந்தால் மண்டைக்குள் எல்லாம் சரி என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். வரவில்லை.

இப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங்கில் சம்பந்தி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சம்பந்தி என்றால் மகளுடைய மாமனார். மன்னார்ப் பக்கத்தவர், கத்தோலிக்கர், இங்கே வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், பகிடிக்காரர். பூசை முடிந்து வந்து, சமைத்து, எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மகளும் வந்திருந்தா, மருமகனுக்கு அன்று வேலை. மேசையில் பன்றி இறைச்சிப் பிரட்டல், மீன் பொரியல், அதற்கு நடுவில் இரண்டு போத்தல். இரண்டு போத்தலுக்கும் கழுத்து வரைக்கும் ஆண்கள் போடுகிற கறுப்புச் சொக்ஸ் இழுத்து விட்டிருந்தது.

"அண்ணை," என்றார் சம்பந்தி, "கலியாணப் பேச்சுக்கு வந்த நாளிலை இருந்து சொல்லுறியள், கண்ணைக் கட்டி விட்டாலும் மலை வைனைப் பிடிப்பன் எண்டு. இண்டைக்கு ஒருக்காப் பாத்திடுவம்."

"சொக்ஸ் புதுசுதான் அண்ணை, பயப்பிடாதேங்கோ," என்றா அவருடைய மனைவி.

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாய் தன்பாட்டில் கதைத்தது. இத்தனை வருடப் பழக்கம்.

"லேபிள் உங்களை மாதிரி பாங்க்காரருக்குத்தான் வேணும். ஊத்துங்கோ."

இரண்டு கிளாஸ் வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் கிளாசைச் சுழற்றி மூக்குக்குக் கிட்ட வைத்துக் கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை. நெற்றியில் வியர்வை வந்தது. அதைத் துடைத்தால் கண்டுபிடிப்பார்கள் என்று துடைக்காமல் விட்டேன்.

பிறகு குடித்தேன். முதலாவது வாய்க்குள் போய், வழுக்கி, தொண்டையில் ஒரு சூட்டை வைத்துவிட்டுப் போய்விட்டது. இரண்டாவதைக் குடித்தேன். நாக்கின் இரண்டு கரையிலும் தண்ணீர் ஊறியது. விழுங்கின பிறகு முரசைப் பாக்கு மாதிரிப் பிடித்தது. கிளாசை ஜன்னல் பக்கம் சரித்தேன். வெளியே பனி வெள்ளையாகக் கிடந்தது, அதற்கு எதிரே வைனின் நடுப்பகுதி கறுப்பாக, விளிம்பு நாவல் நிறத்தில். தடித்த தோல். குளிர்ந்த இரவு. மூக்கு செத்தாலும் அந்த மலை என் வாய்க்குள் நின்றது.

"இதுதான் மேலை விளைஞ்சது," என்றேன்.

சம்பந்தி சொக்சை உருவினார். சரி. கை தட்டினார்கள். மகள்கூடத் தட்டினா. "மூக்கெண்டால் மூக்கு," என்றார் சம்பந்தி.

எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குப் பயம் விலகியது. பயம் விலகினால் என்னைப் போன்றவனுக்கு வாய் நிற்காது. கிளாசைத் திரும்பத் தூக்கி, பாதிரியார் மாதிரி எல்லோருக்கும் காட்டி, சொல்லத் தொடங்கினேன்.

"உந்த மணத்தைப் பாருங்கோ. மழை விட்ட கல்லு. கறுத்த பழம். பின்னாலை ஒரு பூ வாசம் வருது, பிடிபடுதோ? உது கீழை விளையிறதிலை வராது."

சம்பந்தி தன் கிளாசை மணந்தார். இன்னொரு முறை மணந்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. போத்தல் திறக்கேக்கையே எனக்கு ஒரு நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரித்தான் மணந்தது. நான் நினைச்சன், உதுதான் மலையின்ரை மணமாக்கும், எங்களுக்கு விளங்காதாக்கும் எண்டு."

"எனக்கு நனைஞ்ச நாய்," என்றா அவர் மனைவி. "சொன்னால் பட்டிக்காடு எண்டு சொல்லுவியள் எண்டு பேசாமல் இருந்தன்."

அவர்கள் சிரித்தார்கள். மகள் தன் கிளாசை எடுத்து மணந்தா. சிரிக்கவில்லை. தக்கை கெட்டுப்போனால் அதற்குள்ளிருக்கிற பூஞ்சணம் வைனுக்குள் இறங்கி, நல்ல மணத்தையெல்லாம் அமுக்கிவிட்டு, நனைந்த அட்டைப்பெட்டியாக மணக்கும். வைனைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் மூக்குக்கே அது பிடிபடும். மகளுக்கு அதை ஒரு கெட்ட போத்தலை வைத்துக் காட்டிக் கொடுத்தது நான்தான்.

"அப்பா," என்றா, மெதுவாக, "இது தக்கை பழுதான போத்தல்."

"கொஞ்சம் இருக்கலாம்."

"கொஞ்சம் இல்லை. றூம் முழுக்க மணக்குது. உங்களுக்கு மணக்கேல்லையோ?"

நான் கிளாசைப் பார்த்தேன். ஒரு பொய் வேண்டும். ஆயிரம் பொய் கையில் இருந்தது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வராததும் மண்டைக்குள் இரத்தத்தாலோ என்று அந்த நேரத்திலும் யோசித்தேன்.

மனைவி எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றா. அவ கேட்ட கேள்வி மூக்கைப் பற்றியது அல்ல.

"அண்டைக்குக் குப்பைப் பெட்டி வைச்சிட்டு, பின் தலையைத் தடவிக்கொண்டு வந்தனீங்கள். கூரையிலை இருந்து பனிக்கட்டி விழுந்ததெண்டு சொன்னனீங்கள். எங்கடை வாசலுக்கு மேலை எங்கை கூரை இருக்கு?"

"விழுந்திட்டன்," என்றேன்.

"செருப்போடையோ?"

"ஓம்."

அவ என்னை ஏசுவா என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். ஏசாமல் என் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வந்து, சின்னப்பிள்ளைக்குப் போடுவது மாதிரி ஒவ்வொரு கையாக நுழைத்தா. குளிசை, செத்த வீடு, பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றவன், எல்லாம் அவவுக்கும் தெரியும். அந்தச் செத்த வீட்டுக்கு இரண்டு பேரும்தான் போயிருந்தோம்.

மகள் கார் ஓட்டினா. 401 நெடுஞ்சாலையில் வேகமாகத்தான் ஓட்டினா. பின் சீற்றில் மனைவி என் கையைப் பிடித்திருந்தா. இடைக்கிடை, "நித்திரை கொள்ளாதேங்கோ" என்றா. "கொள்ளேல்லை" என்றேன். "கதைச்சுக்கொண்டு வாங்கோ." "என்னத்தைக் கதைக்கிறது?" "வழமையா நிப்பாட்டச் சொல்லித்தானே நான் கேக்கிறனான். இப்ப கதைக்கச் சொல்லுறன், கதையுங்கோ."

கதைக்க வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

எமேர்ஜென்சியில் குளிசையின் பெயரைச் சொன்னவுடன் எங்களைக் காக்க வைக்கவில்லை. அதுவே எனக்குப் பயப்படக் காணும். ரொறன்ரோவில் எமேர்ஜென்சியில் ஓர் ஆளை உடனே உள்ளே எடுக்கிறார்கள் என்றால் அது நல்ல செய்தி அல்ல. மெசினுக்குள் படுக்க வைத்து, அசையாதே என்றார்கள். தலையைச் சுற்றி ஏதோ சுழலுகிற இரைச்சல். மற்றவர்கள் அந்த நேரத்தில் கடவுளைக் கும்பிடுவார்கள். நான் அந்த வைனின் மணத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். மழை விட்ட கல் என்ற சொல் வந்தது. சொல் மட்டும்தான் வந்தது. அது எப்படி மணந்தது என்று நினைவு வரவில்லை. அங்கே, அந்த மெசினுக்குள், நான் அழுதேன். தலையை அசைக்கக் கூடாது என்பதால் கண்ணீர் காதுக்குள் போனது.

டொக்டர் இளம் பெண்பிள்ளை. மகளைப் பார்த்து ஆங்கிலத்தில் கதைத்தா. நான் "என்னைப் பாத்துச் சொல்லுங்கோ" என்றேன், என் ஆங்கிலத்தில். சொன்னா. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இரத்தம் இருக்கிறது. தடித்த கடதாசி அளவு. இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை, ஆனால் படுத்துக்கிடக்க வேண்டும், திரும்ப ஸ்கான் எடுக்க வேண்டும், குளிசையை நிற்பாட்ட வேண்டும். விழுந்த அதிர்ச்சியில் மூளை குலுங்கி, மூக்கிலிருந்து மேலே போகிற நரம்பு நூல்கள் அறுந்திருக்கலாம். சில பேருக்குத் திரும்பி வரும். சில பேருக்கு வராது. இன்னும் தாமதித்து வந்திருந்தால் என்று ஒரு வசனத்தைத் தொடங்கி, என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டா.

"அப்ப நெஞ்சு?" என்று கேட்டேன். "குளிசை இல்லாட்டி ஸ்டென்ற் அடைக்காதோ?"

"அதையும் பாத்துக்கொண்டுதான் இருக்கப்போறம்," என்றா.

இதுதான் இப்போது என் நிலைமை. இரத்தம் பெருகவில்லை, கொஞ்சம் வற்றியும் இருக்கிறதாம். குளிசை போட்டால் தலைக்குப் பயம், போடாவிட்டால் நெஞ்சுக்குப் பயம். இரண்டு பயத்தையும் சமமாகப் பிடித்துக்கொண்டு, வீட்டில், என் சொந்த வீட்டில் இருக்கிறேன். கார்த் திறப்பு மகளிடம் போய்விட்டது. பேஸ்மென்ற் கதை தொடங்குகிறது, நான் முகத்தைத் திருப்புகிறேன், அவ நிறுத்துகிறா. ஆனால் முந்தி மாதிரி ஒளிக்கிறதில்லை. தலை இடித்தால் இடிக்குது என்று மனைவியிடம் உடனே சொல்கிறேன். அவ பயப்படுகிறா. நானும் பயப்படுகிறேன். தனியே பயப்பட்டதைவிட இது கொஞ்சம் பரவாயில்லை.

பின்னேரத்தில் ஒரு சொட்டு மலை வைன் ஊற்றுகிறேன். டொக்டர் குடிக்க விடுவதில்லை, அதனால் நாக்கில் வைத்துவிட்டுத் துப்புகிறேன். புளிப்பும் கயரும் வருகின்றன. மணத்துக்கு மனைவியிடம் கிளாசை நீட்டுகிறேன். வாழ்நாள் முழுக்க வைனைத் தொடாதவ, மூக்குத்தி கிளாசில் முட்ட மணந்து பார்த்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறா. ஒருநாள் "ஊறுகாய்ச் சாடி" என்றா. ஒருநாள் "உங்கடை சப்பாத்து" என்றா. நான் சண்டை பிடிப்பேன். அது அப்படி மணக்காது, திரும்ப மணந்து பாரும் என்பேன். அவ "மூக்கில்லாத ஆள் எனக்குச் சொல்லித் தாறார்" என்பா.

போன கிழமை நீட்டினேன். மணந்தா. திரும்ப மணந்தா.

"ஒண்டும் மணக்கேல்லையே," என்றா.

கிளாஸ் என் கையிலிருந்து நழுவி மேசையில் சரிந்து வைன் ஓடியது. நான் அதைப் பார்க்கவில்லை. எழும்பி அவவுக்குப் பின்னால் போய், கொண்டையை அவிழ்த்து, பின் தலை முழுக்க விரல்களால் தடவினேன், வீக்கம் எங்கேயாவது இருக்கிறதா என்று.

"எங்கை விழுந்தனீர்? எப்ப? உண்மையைச் சொல்லும்."

"விடுங்கோப்பா. தடிமன். காலமை தொடக்கம் மூக்கடைப்பு."

"உண்மையோ?"

"உண்மை."

விடவில்லை. காதுக்குப் பின்னால், கழுத்துக்கு மேலே, இன்னொரு முறை தடவினேன். அவ தலையைக் குனிந்துகொண்டிருந்தா, நான் முடிக்கும் வரைக்கும்.